எங்கட ஸ்னோவிக்கு 11.4 கிலோ, டொக்டர் இதயத்தைப் பற்றிப் பேசுகிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வாவிக்கரை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஸ்னோவி என்று ஒரு வெள்ளைப் பொமேரியன் இருக்கிறாள், வருகிற தைக்கு ஒன்பது வயது. சுத்தப் பொமேரியன் என்று சொல்லித்தான் விற்றார்கள், ஆனால் வளர வளரக் காலும் நீண்டு முகமும் நீண்டு ஏதோ கலப்பு என்று தெரிந்தது, அது போகட்டும். இரண்டு மாதமாக இரவில் இருமுகிறாள். கல்லடிக் கடற்கரைக்கு வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதான், முன்பெல்லாம் எனக்கு முன்னால் ஓடுவாள், இப்போது பாதி வழியில் வேலி ஓரமாகக் குந்திக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். தூக்கு என்று அர்த்தம். தூக்கினால் அரிசிப் பை மாதிரிக் கனக்கிறாள்.

போன கிழமை மிருக வைத்தியரிடம் காட்டினோம். தராசில் 11.4. அவளுடைய எலும்புக் கட்டுக்கு 8 கிலோதான் இருக்க வேண்டுமாம். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, "கொழுப்புக்கு மேலால சத்தம் தெளிவாக் கேட்குதில்ல, ஆனா மெல்லிய இரைச்சல் ஒண்டு இருக்கு" என்றார். எக்ஸ்ரே எடுத்ததில் இதயம் பெரிதாகத் தெரிகிறதாம். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அப்பாவுக்கு 2019இல் ஸ்டென்ட் வைத்தது, சுகர், பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றுக்கும் குளிசை போடுகிறார். ஸ்னோவிக்கும் அதே கதைதானா? நாய்க்கு ஹார்ட் அட்டாக் வருமா? சாப்பாடும் அப்படி ஒன்றும் அள்ளிக் கொடுப்பதில்லை, காலையும் இரவும் ஒரு கோப்பை சோறும் அவித்த மீனும்தான்.

ஊர்நாய் ரசிகன் எழுதியது:

கோபிக்க வேண்டாம் அக்கா. நாய்க்கு சுகர், பிரஷர் என்று கேட்கவே சிரிப்பாக இருக்கிறது. ஆரையம்பதிச் சந்தையில் மீன் குடல் தின்று வளர்கிற நாய்களுக்கு டொக்டரும் இல்லை தராசும் இல்லை, அதுகள் பாட்டுக்கு ஓடித் திரிகின்றன. சாதி நாய் வாங்கினால் சாதி வருத்தமும் சேர்ந்துதான் வரும். நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றால் சந்தோசப்படுங்கள்.

களுவாஞ்சி அக்கா எழுதியது:

தம்பி, அந்தச் சந்தை நாய்களில் ஒன்றாவது கொழுத்து நின்றதைக் கண்டீரா? நாள் முழுக்க ஓடினால்தான் அதுகளுக்குச் சோறு. எங்கள் வீட்டு நாய்களுக்கு சோறு கதவடிக்கு நடந்து வருகிறது, வித்தியாசம் அதுதான்.

எங்கள் லாப்ரடோரின் கதையைச் சொல்கிறேன். 46 கிலோ. வருகிறவர்கள் எல்லாம் "சிங்கம் மாதிரி இருக்கான்" என்பார்கள், எங்களுக்கும் பெருமை. ஒரு சித்திரை வருசத்துக்கு ஆட்டிறைச்சி காய்ச்சினோம், கொழுப்பையும் சவ்வையும் வெட்டி அவனுக்கு ஒரு தட்டு வைத்தோம். அடுத்த நாள் காலை பார்த்தால் முன்னங்கால் இரண்டையும் நீட்டி நெஞ்சை நிலத்தில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். கும்பிடுகிற மாதிரி. பிள்ளைகள் சிரித்து போட்டோ எடுத்தார்கள். அது வயிற்றுவலியில் நாய் நிற்கிற நிலை என்று பின்னேரம் வாந்தி தொடங்கின பிறகுதான் விளங்கியது. கணையம் வீங்கியிருந்தது. மூன்று நாள் சேலைன் ஏற்றியும் போய்விட்டான், ஆறு வயதுதான். அந்த போட்டோ இன்னும் போனில் கிடக்கிறது, அழிக்கவும் மனமில்லை, பார்க்கவும் மனமில்லை.

படுவான்கரை வெட் எழுதியது:

நான் மிருக வைத்தியன். என்னிடம் வருவதில் பத்தில் எட்டு மாடும் எருமையும்தான், ஆனாலும் இந்தக் கேள்வி இப்போது கிழமைக்கு ஒரு தரமாவது வருகிறது, அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது, தங்கச்சி, உங்கள் அப்பாவின் வருத்தத்தையும் ஸ்னோவியின் வருத்தத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டாம். மனிதனுக்கு ஹார்ட் அட்டாக் வருவது இதயத்துக்கு இரத்தம் கொடுக்கிற குழாய்களில் கொழுப்புப் படிந்து அடைப்பதால். நாயின் இரத்தத்தில் கொலஸ்ட்ரோலில் பெரும்பங்கு எச்.டி.எல். என்கிற, குழாயில் படியாத நல்ல வகையில் இருக்கிறது, அதனால் அந்த மாதிரி அடைப்பு நாய்க்கு மிக அரிது. தைரொயிட் குறைந்த நாய், சுகர் வந்த நாய் என்று சிலவற்றில்தான் காண்போம். ஒரு நாயின் ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரோல் ஏறியிருந்தால் நான் முதலில் இதயத்தைத் தேட மாட்டேன், தைரொயிட்டைத் தேடுவேன்.

அப்படியென்றால் கொழுப்பு இதயத்தை ஒன்றும் செய்யாதா? செய்யும், வேறு வழியால். கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை அல்ல, அதற்கும் இரத்தம் ஓட வேண்டும். உடம்பு கூடக்கூட மொத்த இரத்தத்தின் அளவும் கூடுகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ள வேண்டிய அளவும் கூடுகிறது. 8 கிலோவுக்கு என்று பொருத்தின மோட்டரை வைத்து 11.4 கிலோவுக்குத் தண்ணீர் இறைக்கிறீர்கள். நாள்பட இடது கீழறையின் சுவர் தடிக்கிறது, தடித்த சுவர் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் சரியாகத் தளர்ந்து நிரம்புவதில்லை. பிரஷரும் கொஞ்சம் ஏறலாம், மனிதரில் போல அவ்வளவு ஏறாது. அதோடு வயிற்றுக்குள் இருக்கிற கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, நெஞ்சுக்குள் இருக்கிற கொழுப்பு நுரையீரலை விரியவிடுவதில்லை. கச்சான் என்கிற சூட்டுக் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் இந்த நாயை நினைத்துப் பாருங்கள். நாய்க்குப் பாதத்தில் தவிர வியர்வை கிடையாது, பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். கொழுத்த நாய்க்கு அந்த மூச்சே பெரிய வேலை.

இனி சுகர். பூனைக்கு வருவது உங்கள் அப்பாவுக்கு வந்தது மாதிரியான சுகர், நாய்க்கு வருவது பெரும்பாலும் கணையத்தில் இன்சுலின் சுரக்கிற கலங்களே அழிந்துபோவதால். கொழுத்த நாயில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, கணையம் இரட்டிப்பாகச் சுரந்து ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். பெரும்பாலானவை கடைசிவரை ஈடுகட்டிவிடும். ஆனால் அக்கா சொன்ன மாதிரி கணையம் ஒரு தரம் வீங்கினால் அந்த ஈடுகட்டல் உடைந்துவிடும். கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் இன்னும் ஒரு சுமை, சூட்டுக்கு வந்து முடிந்த பிறகு சுரக்கிற ஹோர்மோனும் இன்சுலினை மறிக்கும். ஸ்னோவிக்கு ஒப்பரேஷன் செய்ததா?

அந்த எக்ஸ்ரேயைப் பற்றி ஒன்று. கொழுத்த நாயில் இதயத்தைச் சுற்றியும் கொழுப்பு இருக்கும், படத்தில் இரண்டும் ஒரே நிழலாக விழும். பெரிய இதயம் என்று முடிவு கட்டாமல் எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கான், எடுக்கக் கேளுங்கள். மறுகா, அந்த இருமல் எப்படிப்பட்ட சத்தம் என்று எழுதுங்கள். அவள் நல்ல நித்திரையில் இருக்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிச் சொல்லுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30 செக்கன் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கனவு காண்கிற நேரம் வேண்டாம்.

வாவிக்கரை எழுதியது:

டொக்டர், மிக்க நன்றி. ஒப்பரேஷன் மூன்று வயதில் செய்தது. இரவு பதினொரு மணிக்கு டோர்ச்சைக் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். மூன்று நாளும் 24, 28, 26. இருமல் வாத்து கத்துகிற மாதிரி, வரட்டு இருமல், கேற்றடியில் யாரும் வந்து குரைக்கும்போதும் கழுத்துப்பட்டி இறுகும்போதும் கூட வருகிறது.

படுவான்கரை வெட் எழுதியது:

30க்குக் கீழே என்றால் நுரையீரலில் தண்ணீர் கட்டியிருக்க வாய்ப்புக் குறைவு. வாத்துச் சத்தம் என்றால் எனக்கு இதயத்தை விட மூச்சுக்குழாயில்தான் சந்தேகம். பொமேரியன் மாதிரிச் சின்னச் சாதிகளில் அந்தக் குழாயின் வளையம் தளர்ந்து தட்டையாகும், கொழுப்பு அதை மேலும் அமுக்கும். இன்றைக்கே கழுத்துப்பட்டியைக் கழற்றி நெஞ்சுப்பட்டி போடுங்கள். இரைச்சல் வால்வு கசிவாக இருக்கலாம், வயது போன சின்ன நாய்களில் அது சாதாரணம். கசிவைக் கொழுப்பு உண்டாக்குவதில்லை, கசிகிற இதயத்துக்கு மேல் சுமையை ஏற்றுகிறது.

ஒப்பரேஷனுக்குப் பிறகு நாய்க்குத் தேவையான சக்தி கால்வாசி அளவு குறையும், பசி குறையாது. அதே கோப்பையைத் தொடர்ந்து கொடுத்தால் வருசத்துக்கு அரைக் கிலோ ஏறுவது யாருக்கும் தெரியாது. உங்கள் கணக்கு பொருந்துகிறது பாருங்கள், ஆறு வருசம், 3.4 கிலோ.

கல்முனைப் பொடியன் எழுதியது:

சோறுதான் எல்லாத்துக்கும் காரணம். சோற்றை நிப்பாட்டிக் கடையில் பக்கெட்டில் விற்கிற நாய்ச் சாப்பாட்டுக்கு மாற்றுங்கள், நான் அப்படித்தான் செய்தேன், மூன்று மாதத்தில் நாய் மெலிந்துவிட்டது.

ஊர்நாய் ரசிகன் எழுதியது:

பக்கெட் விலை தெரியுமா தம்பி? அந்தக் காசுக்கு எங்கள் வீட்டு ஆட்களே ஒரு கிழமை சாப்பிடலாம். நாய்க்குச் சோறு ஆகாது என்றால் எங்கள் அப்புச்சி காலத்து நாயெல்லாம் எப்படி இருந்தது?

படுவான்கரை வெட் எழுதியது:

இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். சோறு நஞ்சு இல்லை, அளவுதான் பிரச்சினை. கணக்கைப் பார்ப்போம். நாயின் எடையை 0.75 என்கிற அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால், சும்மா படுத்திருக்கத் தேவையான கலோரி வரும். போனில் இருக்கிற கல்குலேட்டரிலேயே செய்யலாம். இலக்கு 8 கிலோவுக்கு அது கிட்டத்தட்ட 333. எடை குறைக்கத் தொடங்குவது அந்த அளவில்தான். அவித்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. தங்கச்சி, உங்கள் கோப்பையில் எவ்வளவு பிடிக்கிறது என்று நிறுத்துப் பாருங்கள்.

பக்கெட் வாங்க முடிந்தவர்கள் எடை குறைக்கவென்று செய்தது வாங்கினால் நல்லது, சாதாரண பக்கெட்டையே பாதியாகக் குறைத்தால் புரதமும் தாதுவும் சேர்ந்து குறையும். வாங்க முடியாதவர்கள் சோற்றைப் பாதிக்கும் கீழே குறைத்து, தோல் நீக்கின கோழி, முள் எடுத்த மீன், பூசணி, பயற்றங்காய் என்று நிரப்புங்கள். வெங்காயம் போட்ட குழம்பு வேண்டவே வேண்டாம், அது நாயின் சிவப்பணுவை உடைக்கும். வீட்டுச் சமையல் மட்டும் என்றால் கல்சியம் குறையும், உங்கள் டொக்டரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புச்சி காலத்து நாய்க்குப் பதில்: அமெரிக்காவில் 48 லாப்ரடோர்களைக் குட்டியிலிருந்து சோடி சோடியாக வளர்த்தார்கள், ஒரே ஈற்றில் பிறந்தவை. சோடியில் ஒன்றுக்குக் கொடுத்ததை விட மற்றதற்கு 25 சதவீதம் குறைவு. மற்ற எல்லாம் ஒன்றே. 2002இல் முடிவு வந்தது. கூடச் சாப்பிட்டவற்றின் நடுவாயுள் 11.2 வருசம், குறையச் சாப்பிட்டவற்றுக்கு 13. கூடச் சாப்பிட்டவை கூட நம்மூர் நாய்கள் மாதிரிப் பீப்பாய் இல்லை, சாடையாகத்தான் கொழுத்திருந்தன.

களுவாஞ்சி அக்கா, உங்களுக்கும் ஒன்று. லாப்ரடோரில் நாலில் ஒன்றுக்குக் கிட்ட ஒரு மரபணுத் துண்டு குறைவு, 2016இல் கேம்பிரிட்ஜ்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அதுகளுக்கு வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போகாது. அவன் எந்த நேரமும் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது உங்களுடைய குற்றம் இல்லை.

களுவாஞ்சி அக்கா எழுதியது:

எந்த நேரமும்தான் டொக்டர். பாண் ஓட்டோவின் பாட்டு மூன்று ஒழுங்கைக்கு அப்பால் கேட்டாலே கேற்றில் நிற்பான்.

வாவிக்கரை எழுதியது:

நிறுத்தேன். என் "ஒரு கோப்பை" 210 கிராம். இரண்டு நேரமும் சேர்த்து 546 கலோரி, மீன் கணக்கில் வரவில்லை. வாயடைத்துப் போனேன்.

கல்முனைப் பொடியன் எழுதியது:

அப்ப உடனே கால்வாசியாக்குங்கள். இரண்டு நாள் பட்டினி போட்டால் தானாக இறங்கும்.

திருக்கோவில் உப்புக்காற்று எழுதியது:

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நான் எழுதுவதில்லை, வாசிப்பது மட்டும்தான், இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் நாய்க்கு 13 வயதில் இதயம் செயலிழக்கத் தொடங்கியது. கொழுத்த நாய்தான். யாரோ சொன்னார்கள் எடையைக் குறைத்தால் சரியாகும் என்று, நாங்களும் சாப்பாட்டை வெட்டினோம். அந்தக் கட்டத்தில் வெட்டக் கூடாதாம், உடம்பு கொழுப்பை விட்டுவிட்டுத் தசையைத்தான் கரைக்குமாம், இது பிறகுதான் தெரிந்தது. முதுகெலும்பு கத்தி மாதிரித் துருத்தியது. மறுகா சாப்பாட்டையே வெறுத்துவிட்டான். எதையாவது தின்னட்டும் என்று அம்மா கருவாடு சுட்டுக் கொடுத்தா, ஆசையாகத் தின்றான். அடுத்த நாள் விடியப்புறம் உட்கார்ந்தபடி முழங்கையை அகட்டி வைத்துக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிறான், படுக்க முடியவில்லை. கருவாட்டு உப்பால் நுரையீரலில் தண்ணீர் கட்டிவிட்டது. தண்ணியைச் சிறுநீராக வெளியேற்றுகிற குளிசையைக் கூட்டிக் கொடுத்து இன்னும் ஐந்து மாதம் இருந்தான்.

படுவான்கரை வெட் எழுதியது:

நூறு வீதம் சரி. நல்லாயிருக்கிற நாய்க்கு எடையைக் குறைக்க வேண்டும். செயலிழப்புக்குப் போய்விட்ட நாய்க்கு தசையைக் காப்பாற்ற வேண்டும், அங்கே எடை இறங்குவது கெட்ட செய்தி. நல்லாயிருக்கிற நாயிலும் கிழமைக்கு எடையில் 1 முதல் 2 சதவீதம் போதும், ஸ்னோவிக்கு 110 முதல் 230 கிராம். பட்டினி ஒருநாளும் இல்லை.

வாவிக்கரை எழுதியது:

ஐந்து கிழமைக்குப் பிறகு வருகிறேன். இரண்டு செய்தி.

ஒன்று, பேராதனை கால்நடை போதனா வைத்தியசாலைக்குப் போய் வந்தோம். மகியங்கனைப் பதினெட்டு வளைவில் ஸ்னோவியும் வாந்தி, தம்பியும் வாந்தி. எக்கோவில் வால்வு சாடையாகக் கசிகிறது, அறைகள் பெருக்கவில்லை, இப்போதைக்கு மருந்து தேவையில்லை. மூச்சுக்குழாய்தான் தட்டையாகிறது. டொக்டர், நீங்கள் காணாமலே சொன்னது. தைரொயிட் சரி, சுகர் சரி.

இரண்டாவது செய்திதான் எனக்குத் தாங்கவில்லை. சாப்பாட்டை நிறுத்து நிறுத்துக் கொடுத்தும் முதல் மூன்று கிழமையும் தராசு அசையவே இல்லை. (ஒழுங்கை முனையில் இருக்கிற ஹாட்வெயர் கடைத் தராசு, ஆணி நிறுக்கிறது. ஸ்னோவியை உரப்பையில் தலை மட்டும் வெளியே தெரிய உட்கார வைத்துத்தான் நிறுப்போம், முதலாளி பையின் எடையைக் கழித்துத் துண்டில் எழுதித் தருவார்.) ஒருநாள் லீவில் நின்றேன். பத்து மணிக்கு அப்பா தேத்தண்ணியோடு முன் விறாந்தையில். ஸ்னோவி அவருடைய கதிரைக்குக் கீழே. அப்பா பிஸ்கட்டை உடைக்கிற சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று. தான் ஒன்றும் தின்னவில்லை. பாண் ஓட்டோ வந்தது, ஒரு பணிஸ் வாங்கி, மேலே இருக்கிற சீனியை ஒரு விரலால் தொட்டு நக்கிவிட்டு முழுவதையும் கீழே நீட்டினார்.

கேட்டேன். "எனக்குத்தான் நீங்க எல்லாரும் சேர்ந்து நிப்பாட்டிப் போட்டீங்க, அதாவது தின்னட்டும்" என்றார். சண்டை பிடிக்க வாய் வரவில்லை. அம்மாவிடம் கேட்டால் அவவும் பூசைக்கு உடைத்த தேங்காய்ச் சொட்டு, கட்டித் தயிர் என்று தன் பங்கைச் சொல்கிறா. தம்பி இரவில் கொத்துரொட்டியில் கொஞ்சம். ஆளாளுக்குக் கொஞ்சம்தான்.

படுவான்கரை வெட் எழுதியது:

மாரி பிஸ்கட் ஒன்று 25 கலோரி அளவில் வரும். நாலு கொடுத்தால் 100. ஸ்னோவிக்கு அது அவளுடைய நாள் கணக்கில் மூன்றில் ஒன்றுக்குக் கிட்ட, உங்களுக்கு யாரோ நாள்தோறும் ஒரு நேரச் சோற்றை மேலதிகமாக ஊட்டிவிடுகிற மாதிரி. இப்படிக் கொறிக்கக் கொடுப்பது எல்லாம் சேர்ந்து பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, 33 கலோரி.

அப்பாவைத் தடுக்க வேண்டாம் தங்கச்சி, தோற்றுப் போவீர்கள். காலையில் ஸ்னோவியின் பங்கிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டு அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் வையுங்கள். கொடுக்கட்டும். நாய்க்கு வேண்டியது அவருடைய கையிலிருந்து வருவதுதான்.

ஊர்நாய் ரசிகன் எழுதியது:

சிரித்தவன் நான்தான், மன்னிக்கவும் அக்கா. வீட்டில் என் ஊர்நாயைத் தடவிப் பார்த்தேன். விலா எலும்பு கைக்கு அகப்படவில்லை, அமுக்கித் தேட வேண்டியிருக்கிறது. இது என்ன கணக்கு டொக்டர்?

படுவான்கரை வெட் எழுதியது:

உங்கள் கையை விரித்து, புறங்கைப் பக்கமாக விரல் மொளியின் மேலே தடவுங்கள். விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். மொளிக்குக் கீழே விரலின் அடிச் சதையை அமுக்கித் தேடுவது போல் இருந்தால் கொழுப்பு. மேலே நின்று பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். இப்படிப் பார்த்து உடம்புக்கு ஒன்பதுக்குப் புள்ளி போடுவோம், 4 அல்லது 5 நல்லது, அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் எடை 10 முதல் 15 சதவீதம் கூட. உங்களுடையது ஒரு 7 வரும் என்று நினைக்கிறேன். சந்தைக்கு ஓட விடுங்கள்.

வாவிக்கரை எழுதியது:

கேட்டவர்களுக்காக. இன்றைக்கு இருபத்திநாலாவது கிழமை. ஹாட்வெயர்த் துண்டில் 8.9. இடையில் ஒரு கிழமை ஏறியது, கோயில் திருவிழா, யார் கொடுத்தது என்று இன்னும் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. நித்திரை மூச்சு 18, 20. வாத்துச் சத்தம் முற்றாகப் போகவில்லை, கேற்றடியில் தபால்காரர் வந்தால் மட்டும் வருகிறது. பாலத்தடிவரை நடக்கிறாள், திரும்பி வரும்போதும் தன் காலில்தான்.

அப்பாவின் டப்பாவில் இப்போது அவித்த பயற்றங்காய்த் துண்டு. நேற்றுப் பார்த்தேன், அவளுக்கு ஒன்று கொடுத்துவிட்டுத் தானும் ஒன்றைக் கடிக்கிறார். உப்பு இல்லை என்று என்னிடம் குறை வேறு.

திருக்கோவில் உப்புக்காற்று எழுதியது:

அந்த நெஞ்சுப்பட்டி எங்கே வாங்கினீர்கள்? எங்கள் பக்கத்தில் கழுத்துப்பட்டி மட்டும்தான் கிடைக்கிறது.

வாவிக்கரை எழுதியது:

கடையில் வாங்கினது அளவில்லை, இப்போது பெரிதாகிவிட்டது. அம்மா பழைய பள்ளிப் பையின் வாரை வெட்டித் தைத்தா. அளவு அனுப்புகிறேன்.